மேல்கோடு வரை தண்ணீர்

எனக்குப் பயம் வந்தால் அழுகை வராது, வாய்தான் வரும். கண்ணில் படுகிறவர்களைப் பிடித்துத் திட்டித் தீர்ப்பேன். இருபத்தாறு வருஷமாக அதைப் பக்கத்தில் இருந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர் என் கணவர். தேயிலைத் தோட்டத்து ஒபிசில் கிளாக்கராக இருந்தவர், குரலை உயர்த்திப் பேசவே தெரியாதவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று டொக்டர் சொன்ன அன்றைக்கும் அவர் பேசாமல் மருந்துச் சீட்டுகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நான்தான் திரும்பி வரும் வழியில் மிச்சக் காசு தரவில்லை என்று பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டேன். அந்த மனுஷன் மிச்சத்தை ஏற்கெனவே என் கையில் கொடுத்திருந்தான்.

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு டயலிசிஸ் நாள். காலை எட்டு மணிக்கு நுவரெலியாவில் இருக்க வேண்டும். எங்கள் வீடு கந்தப்பளைக்குக் கீழே, தோட்டத்தின் கடைசி டிவிசனில், ஏழு பேர்ச் காணியில் கட்டியது. அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுவதே பெரும் பாடு. முதல் இரண்டு மாதம் த்ரீவீலில் போனோம். குழியில் விழுந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் அவர் இடது கையை வலது கையால் பொத்திக்கொள்வார். ஊசி குத்துவதற்காக அந்தக் கையில்தான் நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, எதையும் அழுத்தக்கூடாது. அதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நான், நாற்பத்தொன்பது வயதில் கார் ஓட்டப் படித்தேன். பென்சன் எடுத்த ஒரு மாஸ்டரிடம் ஒரு பழைய சின்னக் காரையும் வாங்கினோம்.

கார் வந்ததும் என் பயத்துக்கு இருக்க ஓர் இடம் கிடைத்தது. கந்தப்பளையில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் பாஸ், காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டியவற்றைக் கலண்டர் தாளின் பின்பக்கம் சிங்களத்தில் எழுதித் தந்தார். என்ஜின் ஒயில், கூலன்ட் தண்ணீர், பிரேக் ஒயில், கண்ணாடி துடைக்கிற தண்ணீர். அவர் வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்றார். நான் தினமும் பார்த்தேன், சில நாள் இரண்டு தடவை.

முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. எங்கள் வாசல் சரிவு. கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், சில்லுக்குப் பின்னால் கல் வைத்திருப்போம். அப்படியே ஒயில் கம்பியை உருவிப் பார்த்தேன், நுனியில்கூட ஒயில் படவில்லை. வீட்டில் இருந்த ஒயில் கேனில் பாதியை ஊற்றிவிட்டேன். மறுநாள் பின்னால் புகை புகையாக வந்தது. பாஸ் ஊற்றியதையெல்லாம் வடித்து எடுத்துவிட்டு, சமதரையில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று தெரியாதா டீச்சர் என்று கேட்டார். சமதரைக்கு நான் எங்கே போவேன்? எங்கள் டிவிசனில் சமதரை என்றால் கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் முன்பக்கம் ஒன்றுதான்.

இது பக்கத்து லயத்து வீடுகளுக்குத் தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். கார் நிற்கிற அளவுக்கு மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு மிதித்தார்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்து, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்துப் பார்த்துச் செதுக்கினார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். என் கணவர் கதவடியில் கதிரை போட்டு உட்கார்ந்து, எல்லோரும் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தண்ணீர் அளவு. கிட்னி வேலை செய்யாதவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே நின்றுவிடும். கால் வீங்கும், மூச்சு முட்டும். கஞ்சி, தேத்தண்ணி போக ஒரு நாளைக்கு அரை லீட்டர்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் தினமும் விடிய ஐந்து மணிக்குக் கொதித்தாறிய தண்ணீரை ஒரு போத்தலில் நிரப்பி அவர் கட்டில் பக்கத்தில் வைப்பேன். போத்தலில் மூன்று இடத்தில் பிளாஸ்டர் துண்டு ஒட்டியிருந்தேன். பத்து மணிக்கு இந்தக் கோடு, மத்தியானத்துக்கு இது, இருட்டும்போது இது. கோட்டைத் தாண்டினால் என் வாய் சும்மா இருக்காது.

காரிலும் கோடுதான். கூலன்ட் தண்ணீர் நிற்கிற வெள்ளைப் போத்தலில் கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் போதும் என்று பாஸ் சொன்னாலும் எனக்கு மேல்கோடு வரை இருந்தால்தான் மனசு ஆறும்.

முதல் நாள் மருந்து வாங்கக் காரில் டவுனுக்குப் போய் வந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பொனட்டைத் திறந்தபோது தண்ணீர் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது. எங்கே போனது என்று குனிந்து தேடினேன். நிலம் காய்ந்திருந்தது. பாஸுக்குப் போன் எடுத்தேன், எடுக்கவில்லை. ஏற்றத்தில் என்ஜின் கொதித்து, நடு ரோட்டில் நோயாளியோடு நிற்கிற மாதிரி எல்லாம் கண்ணுக்குள் ஓடியது. "வண்டி எடுக்க மாட்டேன். வழியில ஏதாவது ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினேன். அவர் உடுத்திக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். தண்ணி ஊற்றிப் போகலாமே என்று ஒரு தடவைதான் சொன்னார். நான் விழுந்த விழுகையில் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. த்ரீவீல்காரர் வேறு ஹயர் போயிருந்தார். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, ஆளுக்கு ஒரு நேரம். திங்கட்கிழமை முதல் வேலையாக எடுக்கிறோம், அதுவரை தண்ணீர் கவனம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சனிக்கிழமை அவர் முகம் வீங்கியது. ஞாயிற்றுக்கிழமை படுக்க முடியவில்லை. தலையணையை மடியில் வைத்து அதன்மேல் சாய்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டார். நான் முதுகைத் தடவிக்கொண்டு, எப்போது விடியும் என்று உட்கார்ந்திருந்தேன். ஆள் போய்விடுவார் என்றே நினைத்தேன். விடிவதற்கு முதல் பக்கத்து லயத்துக்காரர் எங்கேயோ போய்ப் பேசி ஒரு வேன் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் டயலிசிஸ் செய்து மூச்சு சீரானபோது எனக்கும் உயிர் வந்தது.

காரை பாஸ் பார்த்தார். பச்சை நிறக் கூலன்ட் ஊற்றி மேல்கோடு வரை நிரப்பினார். குழாய்களைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒழுக்கு தெரியவில்லை, மறுபடி குறைந்தால் உடனே கொண்டுவாங்க என்றார். பய வெண்ட எபா என்று வேறு சொன்னார். பயப்படாதே என்று சொன்னால் பயப்படாமல் இருக்க எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

அதற்கப்புறம் மூன்று வாரம் தண்ணீர் குறையவே இல்லை. தினமும் ஆறு மணிக்குப் பொனட்டைத் திறப்பேன், மேல்கோட்டில் சொல்லி வைத்த மாதிரி நிற்கும். அவ்வளவு நிம்மதி. ஒரே ஒரு விஷயம்தான் மண்டையைக் குடைந்தது. ஒரு சனிக்கிழமை பொனட் சரியாக அமுங்காமல் ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. பட்டரி கழற்ற யாரோ வந்திருக்கிறான் என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். பட்டரி இருந்தது. நானே முதல் நாள் சரியாக மூடாமல் விட்டிருப்பேன் என்று அவர் சொன்னார். வயசாகிறது, மறதி வந்துவிட்டது என்று அதற்கும் ஒரு நாள் முழுக்கப் பயந்தேன்.

பச்சை நிறமும் வெளுத்துக்கொண்டு வந்தது. ஒரே தூளில் மூன்றாவது தடவை ஊற்றிய தேத்தண்ணி மாதிரி இருந்தது. கண்ணில் பட்டது, ஆனால் கோட்டைத்தானே நான் பார்த்தேன், நிறத்தையா பார்த்தேன்.

அதே மூன்று வாரத்தில் வீட்டுக்குள் இன்னொரு சண்டை. புதன்கிழமையும் சனிக்கிழமையும், அதாவது டயலிசிஸ் முடிந்த மறுநாள், காலை ஆறு மணிக்கே அவர் போத்தல் ஒரு கோடு இறங்கியிருக்கும், சில நாள் இரண்டு. பத்து மணி வரைக்கும், மத்தியானம் வரைக்கும் வைத்திருக்க வேண்டிய தண்ணீர். மறுநாள் தாகம் கூடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தாலும் பொறுமை இல்லை. சின்னப் பிள்ளையா நீங்க, ஒரே மூச்சில் குடித்துவிட்டு மிச்ச நாளுக்கு என்ன செய்வீர்கள், அன்றைக்குப் பட்டது போதாதா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சரி சரி என்றார்.

பின்னேரம் நாலு மணிபோல நாக்கு வறண்டு, உதடு வெடித்து, ஒரு மடக்கு தா என்று கேட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று நாலு தடவை வெவ்வேறு நாளில் கேட்டார். நான் கொடுக்கவில்லை. தேசிக்காய்த் துண்டு ஒன்றை நக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தண்ணீர்ப் பானையைத் தூக்கிக் குசினி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

ஆஸ்பத்திரியிலோ நல்ல பெயர். ஒவ்வொரு தடவையும் போனதும் நிறை பார்ப்பார்கள். இடையில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அதில்தான் தெரியும். இவருக்கு மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் ஏறியிருந்தது. நர்ஸ் மற்ற நோயாளிகளிடம் இவரைக் காட்டி, இந்த ஐயாவைப் பார்த்துப் படியுங்கள் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் நான் கண்டிப்பாக இருப்பதால்தான் என்று சொல்லிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

மூன்றாவது வாரத்து வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்பே புறப்பட்டோம். ஒயில் சரி, பிரேக் சரி, தண்ணீர் மேல்கோட்டில். முதல் ஏற்றத்தைத் தாண்டினோம். இரண்டாவது வளைவில் சூடு காட்டுகிற முள் நடுவை விட்டு மேலே போயிருந்ததைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஏறியது. சர்க்கரைப் பாகு காய்ச்சுகிற மாதிரி ஒரு வாடை வந்தது, பிறகு பொனட் ஓரத்தால் வெள்ளைப் புகை. காரை மேட்டோரமாகத் திருப்பி நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வைத்துவிட்டுப் பொனட்டைத் தூக்கினேன்.

காலையில் மேல்கோட்டில் நின்ற தண்ணீர் இப்போது அடியில் ஒரு விரலுக்குக் கிடந்தது. அதில் பச்சையே இல்லை. கீழே ஒரு ரப்பர் குழாயின் கழுத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. என்ஜின் சூடேறினால்தான் அந்த வெடிப்பு வாயைத் திறக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும் என்று பிற்பாடு பாஸ் காட்டினார். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. யாரோ கூலன்டைத் திருடிவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். எவன் அவன், என்னிடம் அகப்பட்டான் என்றால் என்று ரோட்டில் நின்றுகொண்டு தேயிலைக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"நாந்தான் ஊத்துனேன்," என்றார் அவர். கதவைத் திறந்து, காலை வெளியே வைத்து உட்கார்ந்திருந்தார்.

எனக்கு விளங்கவில்லை. "எந்தத் தண்ணிய?"

அவர் மடியில் இருந்த போத்தலைப் பார்த்தார். நான் பிளாஸ்டர் ஒட்டிய போத்தல்.

"எதுக்குங்க?"

"கோடு கொறஞ்சிருந்தா நீ வண்டி எடுக்க மாட்டியே. அந்த ஞாயித்துக்கெழம மாதிரி இன்னொன்ன என்னால தாங்க முடியாது புள்ள."

குழாய்த் தண்ணீரை ஊற்றக்கூடாதா என்று கேட்டேன். இந்த நேரத்தில் அதுவா கேள்வி, ஆனால் அதுதான் வாயில் வந்தது. குழாய் பின்பக்கம், குசினியில் நான் நிற்கிறேன், வாளி எடுத்தால் எங்கே என்று கேட்பேன். போத்தல்தான் கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தது என்றார். சாவி முன்கதவு ஆணியில். நான் அடுப்படியில் நிற்கும்போது வெளியே வந்து, பொனட்டைத் திறந்து, மேல்கோடு வரை ஊற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாராம். தண்ணிதானே குறைகிறது, ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தாராம். மூடத்தான் கஷ்டம், ஒரு கையால் அமுக்கினால் அது விழாது என்றார்.

உதடு வெடித்த மனுஷன் கேட்ட அந்த ஒரு மடக்குத்தான் நினைவுக்கு வந்தது. நான் பூட்டிய அலுமாரி நினைவுக்கு வந்தது.

நர்ஸுக்குப் போன் எடுத்தேன். ஒன்பதுக்குள் வந்தால் கட்டில் இருக்கும், அதற்குமேல் முடியாது என்றார். மணி ஏழேகால். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்பிடலாம்னா திரும்பிடு. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்," என்றார். அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியாதா?

"போறோம்," என்றேன்.

மேட்டிலிருந்து ஓர் ஊற்று ரோட்டோரக் கான் வாய்க்காலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. கையில் வேறு ஏனம் இல்லை. அவருடைய போத்தலை வாங்கினேன். அதில் மத்தியானம் வரைக்குமான தண்ணீர் இருந்தது. அதைக் கொட்டப் போனேன், கை வரவில்லை. குடிங்க என்று நீட்டினேன். அளவு இருக்கே என்றார். குடிங்க என்று மறுபடி சொன்னேன், இந்தத் தடவை சத்தமாக. ஒரு மடக்கு குடித்துவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார்.

என்ஜின் ஆறும்வரை அரை மணி நேரத்துக்கு மேல் நின்றோம். என் வாழ்க்கையில் அப்படி நகராத அரை மணி நேரம் இருந்ததில்லை. சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்று பாஸ் சொல்லியிருந்தார். தொட்டுத் தொட்டுப் பார்த்து, துணியைப் போட்டு மெல்லத் திருகினேன். முதலில் அவர் வைத்த மிச்சத்தை ஊற்றினேன், பிறகு ஊற்றுக்கும் காருக்குமாக நடந்து, மூன்று கோடு ஒட்டிய அந்தப் போத்தலால் எட்டுத் தடவை ஊற்றினேன். ஒவ்வொரு தடவையும் அவர் முன்னால் தண்ணீரைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர் பார்க்கவில்லை, மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியாக ஊற்றுத் தண்ணீரைப் போத்தல் நிறையப் பிடித்துக் காலடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு ஓட்டினேன். காருக்குள் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டால் என்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும் என்று பாஸ் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. திறந்தேன். இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. முள் ஏறுகிறது, நிற்கிறேன், ஆறுகிறது, போகிறேன். பின்னால் வந்த கொழுந்து லொறி ஹோர்ன் அடித்தது. அடித்துக்கொண்டு இரு என்றேன். பயம் போனது என்று பொய் சொல்ல மாட்டேன். அதையும் கூட வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன்.

நர்ஸ் நிறை பார்த்தார். வழக்கம்போலக் குறைவு. வீட்டில் நல்ல கட்டுப்பாடு போல என்று என்னைப் பாராட்டினார். நான் வராந்தாவுக்குப் போய் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு அழுகை வராது என்று முதலில் சொன்னேனே, அந்த ஒரு நாள் வந்தது.

திரும்பி வரும்போது பாஸ் குழாயை மாற்றித் தந்தார். வீட்டுக்கு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. அவர் வாசல் கதிரையில் உட்கார்ந்தார். நான் அலுமாரியைத் திறந்து, பானையிலிருந்து ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அளவு தப்பிவிடுமே என்றார். நர்ஸிடம் கேட்டுவிட்டேன், இன்றைக்கு ஒரு தம்ளர் குடிக்கலாம் என்றேன். அது உண்மை, வெளிக்கிடும்போது கேட்டிருந்தேன்.

அவர் மெதுவாகக் குடித்தார். அடியில் இரண்டு மடக்கு இருக்கும்போது நிறுத்தி, தம்ளரைக் கதிரைக்குப் பக்கத்தில், காரின் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"எதுக்குங்க மிச்சம் வைக்கிறீங்க?"

அவரும் அப்போதுதான் தம்ளரைப் பார்த்தார். "பழக்கமாயிருச்சி," என்றார்.

அந்த இரண்டு மடக்கையும் அவர் குடித்து முடிக்கும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.